வெள்ளைப் பூ வந்த விதம்

பாப்பா,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியாது. காலையில் தேங்காய்ச் சட்னி தண்ணியாக இருக்கிறது என்று உன் அம்மாவோடு நீ மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். அதனால் நலம்தான். நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே நம் டைப் அடிக்கும் கடையில், கால் ஆடுகிற அதே நாற்காலியில் நலமாகவே உட்கார்ந்திருக்கிறேன். இன்று புதன்கிழமை, மத்தியானத்துக்கு மேல் கூட்டம் இல்லை. அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் மகளுக்கு ஒருவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான் என்றால், நேரில் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை என்றுதான் அர்த்தம். நேரில் சொன்னால் அம்மா சிரித்துவிடுவாள். அவள் சிரித்தால் நீயும் சிரிப்பாய், நானும் அசடு வழியச் சேர்ந்து சிரிப்பேன், விஷயம் அந்தச் சிரிப்போடு போய்விடும். அப்படிப் போய்விடக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நீ இரண்டில் ஒரு கல்லூரியை உறுதி செய்தாக வேண்டும். அதற்கு முன்னால் இது உனக்குத் தெரிய வேண்டும்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நம் தெரு மாரியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தோமே, வெள்ளைப் பூ வந்ததே, அது அம்மன் சொன்னது இல்லை.

நீ இப்போது எழுந்து அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சண்டை பிடிக்காதே. முழுக்கப் படித்துவிட்டுப் போ. கம்ப்யூட்டர் படிப்புக்கு நாட்டிலேயே பேர்போன இரண்டு இடங்களிலிருந்து ஒரே வாரத்தில் உனக்கு அழைப்பு வந்தது. ஒன்று சென்னை, இன்னொன்று வடக்கே, ரயிலில் இரண்டு ராத்திரி தள்ளி. எந்தத் தகப்பனுக்கும் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை. முதல் நாள் பால்கோவா வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தேன். இரண்டாம் நாளிலிருந்து நானும் உன் அம்மாவும் கட்சி பிரிந்துகொண்டோம். நான் சென்னைக் கட்சி, அவள் வடக்குக் கட்சி. செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே அதைச் சாக்காகச் சொல்ல என்னால் முடியவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் இதுதான்: ராஜபாளையத்தில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. காய்ச்சல் என்றால் மறுநாள் காலையில் நான் உன் விடுதி வாசலில் நிற்பேன்.

அது உண்மை, ஆனால் பாதி உண்மை. சத்தியம் செய்து கொடுக்கிற அபிடவிட்டை அடித்துப் பிழைக்கிறவன் பாதி உண்மை எழுதக் கூடாது, எனவே மீதியையும் எழுதிவிடுகிறேன். கடைக்கு வருகிற வக்கீல்களிடம் சென்னைக் கல்லூரியின் பேரைச் சொன்னபோது, "அடேங்கப்பா, அண்ணாச்சி மக அங்கயா!" என்று எழுந்து வந்து கை கொடுத்தார்கள். வடக்கே உள்ளதைச் சொன்னபோது, "அப்பிடியா, அது எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு விவரம் போதாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் நான்கு வருஷம் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பேரைச் சொன்ன மாத்திரத்தில் ஊர் வாயைப் பிளக்க வேண்டும். உன் படிப்பை மெடல் மாதிரி என் சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஆசைப்பட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வடக்கே போனால் நான் ஊமை. இங்கே கோர்ட்டு வாசலில் ஊரில் உள்ளவனுக்கெல்லாம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை எடுத்துக் கொடுப்பவன் நான். அங்கே ஸ்டேஷனில் இறங்கி உன் விடுதிக்கு எப்படிப் போவது என்று கேட்கக்கூட எனக்கு வாய் கிடையாது. உனக்கு ஒன்று என்றால் டாக்டரிடம் நான் என்ன சொல்வேன்? அந்தப் பயம் பெரிய பயம். அதை உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, சென்னையில் இட்லி நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் இப்படிப் போனது. நீ நடுவில் உட்கார்ந்து ஒரு தடவை என்னையும் ஒரு தடவை அவளையும் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் நான் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். நீ சிரித்தது நினைவிருக்கிறது. "ரேண்டமா ஒண்ண எடுக்கிறதுக்கு இதுவும் ஒரு வழிதாம்ப்பா. அம்பதுக்கு அம்பது," என்றாய். சிரித்துச் சொன்னாலும் உன் குரலில் அலுப்பு இருந்தது. எங்கள் இருவரில் ஒருவர் முகம் சுருங்கப்போவது நிச்சயம், அந்தப் பழி உன் மேல் வராமல் அம்மன் மேல் போகட்டும் என்று நீ நினைத்திருப்பாய். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சிவப்பு வந்தால் சென்னை, வெள்ளை வந்தால் வடக்கு என்று பேசிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தபோது நான்தான் பூவை வாழையிலைத் துண்டில் வைத்து மடித்து நார் போட்டுக் கட்டினேன். ஒன்றில் செவ்வரளி. இன்னொன்றில் நந்தியாவட்டையை வைக்கத்தான் எடுத்தேன், சத்தியமாக. கையில் அது வெள்ளையாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இரண்டு ராத்திரி ரயில் ஞாபகம் வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு செவ்வரளியை வைத்துக் கட்டிவிட்டேன். இரண்டிலும் சிவப்பு. நீ எதை எடுத்தாலும் சென்னை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் மரத்தடியில் போட்டுவிடுவது நம் வீட்டு வழக்கம், அதனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த ஊரில் ஒரு மகள் சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள், தகப்பன் அதைக் கண்டுபிடித்தார் என்று உலகமே பேசுகிறது. அதே ஊரில் பிழைப்பு நடத்துகிற உன் தகப்பன், மகள் ஒரு தப்பும் செய்யாதிருக்க, தானே பூவில் திருகுதாளம் செய்தான். பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவன் போலக் குளிக்கப் போனேன்.

கோவிலில் நடந்ததை நீயே பார்த்தாய். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் போட்டு எடுத்தார். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாய். அவர் பிரித்தார். வெள்ளை.

பாப்பா, நான் கட்டிய பொட்டலத்தில் வெள்ளை கிடையாது. நீங்கள் எல்லோரும் அம்மனைக் கும்பிட்டீர்கள், நான் மட்டும் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றேன். என் கள்ளத்தனத்தைக் கண்டுகொண்டு அவளே பூவை மாற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். 'இல்லை, இது தப்பு' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இரண்டு செவ்வரளி இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஜோடியாக. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது உன் அம்மா தையல் மெஷினில் நைட்டிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "ரெண்டும் நல்ல பூ. வீணாப் போயிருமேன்னு சாமிக்கு வச்சேன்."

"நீ பொட்டலத்தப் பிரிச்சியா?" என்றேன்.

"ஒண்ணுல இருக்கிற செவப்ப மாத்தி வெள்ளைய வப்போம்னுதான் பிரிச்சேன். பிரிச்சுப் பார்த்தா ரெண்டுலயும் செவப்பு. நம்ம வீட்டு ஆம்பள நமக்கு முன்னாலயே அங்க போய்ட்டு வந்துருக்காகன்னு தெரிஞ்சிச்சு. பொறவென்ன, பக்கத்து வீட்டுச் செடியில ரெண்டு வெள்ளையப் பறிச்சு நானும் ரெண்டுலயும் வச்சிட்டேன்."

"சாமி காரியத்துல இப்பிடிச் செய்யலாமா?"

"யாரு கேக்குறது பாரு," என்றாள். அப்போதுதான் மெஷினை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தோம், மறைக்க மாட்டேன். நீ மாடியில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாய். செத்த நேரம் சிரித்துவிட்டு, உன்னை ஏன் அம்புட்டுத் தூரம் அனுப்ப வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ சொல்லுறத நீங்க கேட்டீங்களா? அங்க மொத வருசமே ஆராய்ச்சி பண்றவங்களோட உக்கார விடுவாகளாம். வகுப்புல கொஞ்சம் பேருதானாம். சொல்லும்போது அவ கண்ணப் பார்த்தீங்களா? நான் மெஷின நிறுத்திட்டுக் கேட்டேன். நீங்க ரயில் டயத்தப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அவளும் உன்னிடம் வாய் திறந்து கேட்கவில்லை. கண்ணைப் பார்த்து முடிவு செய்துகொண்டாள். நான் என் பயத்தைப் பார்த்து முடிவு செய்தேன். கோர்ட்டில் தீர்ப்பு கேட்டு வெளியே வருகிறவன் ஜெயித்தவனா தோற்றவனா என்று, அவன் ரோட்டைக் கடப்பதற்குள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். அம்மன் முன்னால் வெள்ளைப் பூவைப் பார்த்தபோது உன் முகத்தில் வந்தது எனக்கு விளங்கவில்லை. அம்மா அது சந்தோஷம் என்கிறாள். எனக்கு அது சுருங்கியது போல இருந்தது. ஒரே முகத்தைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம். நான் பார்க்க ஆசைப்பட்டதை நான் பார்த்திருப்பேன், அவளும் அப்படித்தான். அன்றிலிருந்து கல்லூரியைப் பற்றி நீ எதுவும் பேசவில்லை. "வெள்ளிக்கிழமை உறுதி பண்ணிருவோம்ப்பா," என்று மட்டும் சொன்னாய். அதுதான் என்னை உறுத்துகிறது. பிடிக்காத இடத்துக்கு, நாங்கள் செய்த தில்லுமுல்லைச் சாமி வாக்கு என்று நம்பி நீ போய்விடக் கூடாது. பிடித்த இடத்துக்கே போவதானாலும், பூ சொல்லிப் போகக் கூடாது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள உட்கார்ந்தால் இன்னொன்றும் கூடவே வருகிறது. இது இரண்டு வருஷத்துப் பழையது, உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

நீ பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் என்னோடு கடைக்கு வந்துகொண்டிருந்தாய். அப்போது தேவதானத்து விவசாயி ஒருவர், நிலத்து விவகாரமாக அபிடவிட் அடித்துப் போனவர், மறுநாள் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கோபப்படவில்லை. நிதானமாக உட்கார்ந்து, "அண்ணாச்சி, காலையில பஸ் ஏறும்போது நான் தேவதானத்துக்காரனாத்தான் இருந்தேன். மூணாவது பாராவுல என்னைய ஆலங்குளத்துக்காரனா ஆக்கி, தகப்பனையும் மாத்திட்டீயளே," என்றார். அது எங்கள் தொழிலில் உள்ள வியாதி. முன்னால் வந்தவரின் பழைய ஃபைலைத் திறந்து, பேரையும் ஊரையும் மாற்றி அடுத்தவருக்குக் கொடுப்போம். எங்கேயாவது ஒரு இடத்தில் பழைய பேர் தங்கிவிடும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு பேப்பரை எடுத்து, ஒரு அபிடவிட்டில் பேர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண ஆரம்பித்தாய்.

ஒரு வாரத்தில் எனக்கு ஒரு புரோகிராம் செய்து கொடுத்தாய். கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். பேர், தகப்பனார் பேர், வயது, ஊர். ஒரு தடவை அடித்தால் போதும், வர வேண்டிய இடத்திலெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் நான் அதில் வேலை செய்தேன். சாயங்காலம் வரை இழுக்கிற வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. ஒரு தப்பு கிடையாது. அடித்துக் கொடுத்ததை வாங்கியவர், "என்ன, அதுக்குள்ளயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். விரல்களுக்கு வேலை இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக நான் செய்துவந்ததை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு வாரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டுவிட்டதே, இனி இந்த நாற்காலியில் நான் எதற்கு என்று தோன்றியது. அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன்: "பேர மாத்தி மாத்திப் போடுதும்மா. சரிவரல."

நீ பதறிப்போய், "எந்தப் பேருப்பா? எந்த எடத்துல?" என்று கேட்டாய். நான் ஒரு இடத்தைக் கற்பித்துச் சொன்னேன். மறுநாள் கேட்டாய், இன்னொரு இடத்தைச் சொன்னேன். லீவு முடியும் மட்டும், இரண்டு வாரம், இல்லாத தப்பை நீ தேடினாய். உன் சிநேகிதிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. கடைசியில் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்று, "கண்டுபிடிக்க முடியலப்பா. மன்னிச்சிருங்க," என்றாய். நான் உன் தலையைத் தடவி, "பரவாயில்லம்மா," என்றேன். பரவாயில்லையாம்! அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய், நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் நீ கம்ப்யூட்டரை விடவில்லை, அது உன் குணம். ஆனால் நீ எதைச் செய்தாலும் என்னிடம் காட்டுமுன் மூன்று தடவை சரிபார்க்க ஆரம்பித்தாய். பரீட்சையில் நன்றாக எழுதிவிட்டு வந்தும், "தெரியலப்பா, எங்கயாவது தப்பு இருக்கும்," என்றாய். உனக்கே உன் மேல் கொஞ்சம் நம்பிக்கை குறைந்து போனதில் என் பங்கு எம்புட்டு என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். இந்தப் பெரிய முடிவை நீ ஒரு வாழையிலைப் பொட்டலத்தின் கையில் விட்டதற்கும் அந்த இரண்டு வாரம்தான் காரணமோ என்று பயமாக இருக்கிறது. இல்லை என்றால் சந்தோஷம். இருந்தால், என்னை மன்னித்துவிடு. இந்தத் தடவை மன்னிப்புக் கேட்க வேண்டியவன் கேட்கிறான்.

எனக்குப் புத்தி சொல்லத் தகுதி இல்லை என்றாலும் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் அது இல்லாமல் இருக்காது, ஆகவே கொஞ்சம் கேட்டுக்கொள். எந்த ஊருக்குப் போனாலும் காய்ச்சல் வந்தால் மறைக்காதே. நான் வந்து சேர நேரமானாலும் வந்து சேர்வேன், வழி கேட்கத் தெரியாவிட்டால் உன் போட்டோவைக் காட்டிக் கேட்பேன். உன் வேலையைப் பார்த்து ஒருவன் குறை சொன்னால், இடத்தைக் காட்டச் சொல். காட்ட முடியாவிட்டால் அவன் உன் தகப்பன் மாதிரி ஆள் என்று எடுத்துக்கொண்டு மேலே போ. சென்னையா வடக்கா என்று உன்னிடம் ஒரு தடவைகூட நான் நேராகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு எது பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், அது மாறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நீ வடக்கு என்றால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன். அதைக் கண்டுகொள்ளாதே. நீ சென்னை என்றால் உன் அம்மா முகத்தைத் தூக்குவாள். அதையும் கண்டுகொள்ளாதே. காலையில் அவளிடம், பூ விஷயம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க. நான் மாத்துனதையும் விடாம எழுதுங்க. அவிய செஞ்சாக, நான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு ஆயிரக் கூடாது," என்றாள்.

எந்தக் கல்லூரியானாலும் சேரும்போது பெற்றோர் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். மாதிரிப் படிவம் நீ அனுப்பியிருந்தாய். இன்று காலை, இரண்டு வருஷமாகத் திறக்காத உன் பெட்டியைக் கடைக் கம்ப்யூட்டரில் தேடித் திறந்தேன். அழிக்கவில்லை, அந்த மட்டுக்காவது எனக்குப் புத்தி இருந்திருக்கிறது. வேண்டுமானால் புதிதாக ஒரு காலி இடத்தைச் சேர்த்துக்கொள்ளவும் உள்ளே வழி வைத்திருக்கிறாய், பதினைந்து வயதில் உனக்கு அது தோன்றியிருக்கிறது. உன் பேர், என் பேர், வயது, ஊர் எல்லாம் ஒரு தடவை அடித்தேன். எல்லா இடத்திலும் வந்து உட்கார்ந்தது. ஆலங்குளத்துக்காரர் யாரும் உள்ளே வரவில்லை. கல்லூரியின் பேருக்கு உள்ள பெட்டியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னோடு பஸ் ஏறி கடைக்கு வா. என் நாற்காலியில் உட்கார், நான் வெளியே ரோட்டோரம் நிற்கிறேன், எட்டிப் பார்க்க மாட்டேன். அந்தப் பேரை நீயே அடி. ஒரு தடவை அடித்தால் போதும், பத்திரத்தில் அந்தப் பேர் வர வேண்டிய ஏழு இடத்திலும் அதுவே வந்துவிடும். சரிபார்க்க வேண்டியதில்லை. அந்த புரோகிராமில் தப்பு இல்லை, பாப்பா. அன்றைக்கும் இல்லை.

அப்பா